ராபர்ட் கோக்

கொடிய பிணிகள் பலவற்றிற்குக் கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளே காரணம் என்பதை நிலைநாட்டிய அறிஞர்களுள் ராபர்ட் கோக் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். அவர்தம் கண்டுபிடிப்புகளை அறிந்தோர் பலர். அவற்றிற்கு வித்தாகிய மாணவப் பருவத்துக் கைப்பயிற்சியை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கோக், ஜெர்மனி தேசத்துக் கிளவுஸ்தால் என்னும் ஊரில், 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், சுரங்க அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1862இல் கெட்டிங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்து, முதலில் இயற்கை நூல்களைக் கற்றுப் பின்னர் வைத்தியத் துறையிற் புகுந்தார். ஆங்கு உடற்கூற்று நூல் கற்பித்த ஹென்லே என்பார், தொற்றுநோய்கள் உயிருள்ள நுண்பொருள்களால் விளைவன என 1840இலேயே எழுதியவர். ஆயினும் அதனை மெய்ப்பிக்கும் வழி அன்று தெரிந்திலது. அங்குக் கோக் கிருமி நூல் கற்கவில்லை. பூதக்கண்ணாடியின் கீழ் ஒன்றைப் பொறுமையுடன் நோக்கவும், பிழையற அளக்கவும் பழகினார். கருப்பையின் நரம்பணுக்களைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி 1865இல் பரிசு பெற்றது. அடுத்து, சக்ஸினிக் அமிலம் மனித உடலில் உண்டாகும் வகையைக் காண விழைந்து, நாள்தோறும் அரை ராத்தல் வெண்ணெயைத் தாமே உண்டு, தம் சிறுநீரைச் சோதித்தார்! 1866இல் வைத்தியப் பட்டமும் பெற்றார்.

1872இல், இன்று போலந்து நாட்டிலுள்ள வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசாங்க வைத்தியராய் அமர்ந்தார். ஆண்டுச் சர்வகலாசாலையும் இல்லை, நூல்நிலையமும் இல்லை. இருந்தவை ஒரு பூதக்கண்ணாடியும் பழகிய கைகளுமே. ஆடுமாடுகளை அடைப்பான் நோய் மாய்த்து வந்தது. இறந்த ஆட்டின் இரத்தத்தை மரச்சிராயில் தோய்த்து எலியின் வாலடியிற் செலுத்தினார். எலி மறுநாளே மடிந்தது. அதன் குருதியிலும் ஆட்டின் குருதியிற் கண்ட கோல் வடிவக் கிருமிகளே காணப்பட்டன. மாட்டுக் கண்ணின் நீர்த்துளியொன்றைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, அதில் அக்கிருமிகள் நீண்டு வளர்ந்து விதைபோன்ற மணிகளாய் உறைவதையும் கண்டார். 1876இல் பிரெஸ்லௌ நகர் சென்று, கோன் என்னும் தாவர நூற் பேராசிரியர் முன்னிலையில் அனைத்தையும் செய்து காட்டினார்.

பின்னர் பெர்லின் நகரில், வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மீது தோன்றிய நிறப்புள்ளிகளைக் கண்டு, ஒவ்வொரு புள்ளியும் ஒரே இனக் கிருமியின் குடியிருப்பு என உணர்ந்தார். அதனின்றும் கிருமிகளை இனம் பிரித்து வளர்க்கும் முறை பிறந்தது. க்ஷயரோகக் கிருமியோ எளிதில் சாயம் ஏலாதது. வாரக்கணக்கில் மெல்ல வளர்வது. அதனைச் சாயமேற்றிக் கண்டு, தனியே வளர்த்து, பிராணிகளிற் செலுத்தி அந்நோயையே விளைவித்து, 1882 மார்ச் 24ஆம் நாள் அறிஞர் அவையில் வெளியிட்டார். 1884இல் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்து தனித்து வளர்த்தார்.

இத்தகையாரும் ஒருமுறை தம் நெறியினின்று வழுவினார். க்ஷயத்தைத் தீர்க்கும் மருந்து கண்டதாக 1890இல் அறிவித்து, அதன் செய்முறையை மறைத்து வைத்தார். நோயாளர் பெர்லினுக்குத் திரண்டனர். மருந்தோ பிணியைத் தீர்க்கவில்லை. சிலர் உயிரும் இழந்தனர். டூபர்குலின் எனப்படும் அப்பொருள் பிற்காலத்தில் நோயைக் கண்டறிய மட்டுமே பயன்பட்டது. பிரெஸ்லௌவிற் பிறர் கண்முன் ஒவ்வொரு படியையும் செய்து காட்டியவர், பெர்லினில் காட்ட மறுத்தமையே அக்கேட்டைப் பெருக்கியது எனலாம்.

1905இல் நோபெல் பரிசு பெற்ற அவர், 1910 மே 27ஆம் நாள் காலமானார். சோதனைச் சாலையில் குழாய் கழுவியும் கண்ணாடித் தகடு துடைத்தும் சலிப்புறும் நம் விஞ்ஞான மாணவத் தோழர் அவர் வாழ்க்கையை எண்ணுவாராக. கை பழகுங்கால் கருத்தும் நேர்மை பழகுகின்றது. அந்நேர்மையை என்றும் கைவிடாது காத்தல் கற்றதன் பயனாம்.