காஞ்சனை தந்த கதைஞர்

தமிழ்ச் சிறுகதைக்குத் தனி முகம் அளித்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் புதுமைப்பித்தன். அவர் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் விருத்தாசலம். இளமையிலேயே அன்னையை இழந்தார். தாசில்தாராகப் பணியாற்றிய தந்தை சொக்கலிங்கம் பிள்ளை ஓய்வு பெற்றபின் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அந்நகரின் இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றார். மகன் அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் நாட்டமோ எழுத்தின்பால் இருந்தது. தந்தையின் நிழலை விட்டுச் சென்னைக்கு வந்தவருக்குப் பேனாவே பிழைப்பாயிற்று.

1934இல் 'மணிக்கொடி' அவருக்குக் களம் அமைத்தது. 'ஊழியன்', 'தினமணி', பின்னர் 'தினசரி' எனப் பத்திரிகைப் பணி தொடர்ந்தது. ஊதியம் குறைவு, உழைப்போ மிகுதி. மனைவி கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் தம் பெற்றோருடன் வாழ நேர்ந்தது. பிரிவும் வறுமையும் கலந்த அந்நாள்களை அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன.

இத்தகைய நெருக்கடிக்கிடையே 1943இல் வெளிவந்ததே 'காஞ்சனை' என்னும் தொகுதி. பேயும் பிரம்ம ராட்சசும் காலனும் கடவுளும் உலவும் இத்தொகுதியைச் சுவைக்கத் தொடங்குவோர் முதலில் உணர்வது வியப்பு, அடுத்து அச்சம், முடிவில் எஞ்சுவது சிந்தனை. தலைப்புக் கதையில் ஓர் எழுத்தாளனின் இல்லத்திற்கு வேலைக்காரியாக ஒருத்தி வந்து சேர்கிறாள். அவள் பேயா பெண்ணா என்பதைக் கதை இறுதிவரை அறுதியிட்டு உரைப்பதில்லை. அறிவு மறுப்பதை மனம் அஞ்சுகிறது என்னும் அந்த இடைவெளியில்தான் கதையின் இன்பம் பிறக்கிறது.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் இறைவன் சென்னை வீதியில் ஒரு சித்த வைத்தியப் பத்திரிகைக்காரரைச் சந்திக்கிறார். காப்பி அருந்துகிறார், சந்தாதாரரும் ஆகிறார். வரங்கொடுக்க வந்தவர், இவ்வுலகில் பிழைக்கும் வகையறியாது திகைப்பதைக் கண்டு நகைக்கும் வாசகர், அந்நகைப்பின் அடியில் ஒரு நகரத்து எழுத்தாளனின் வயிற்றுப்பாடு கிடப்பதையும் காண்பர். 'காலனும் கிழவியும்' கதையில் சிற்றூர்க் கிழவியொருத்தியின் சொல்லுக்கு எமன் விடையின்றி மீள்கிறான். 'சாபவிமோசனம்' அகலிகையை மீண்டும் கல்லாக்குகிறது. தன்னைச் சாபத்தினின்று மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என அறிந்த கணத்தில் அவள் கல்லாகிறாள். புராணம் அருளிய மன்னிப்பைவிடப் பெண்ணின் தன்மானத்தைப் பெரிதாகக் கண்ட படைப்பு அது. நம்புதற்கரிய நிகழ்ச்சிகளைக் கொண்டு நம் கண்முன் உள்ள வாழ்வையே விசாரணைக்கு உட்படுத்தியமை அவருடைய தனித்தன்மை எனலாம்.

பின்னாளில் திரைப்படத்துறை அவரை ஈர்த்தது. 'ஔவையார்', 'காமவல்லி' முதலிய படங்களுக்கு எழுதினார். சொந்தமாகப் படம் எடுக்கும் முயற்சி கைகூடவில்லை. 'ராஜமுக்தி' படத்தின் பொருட்டுப் புனே சென்றவர் காசநோயுடன் திரும்பினார். 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கடவுளையே சென்னைத் தெருவுக்கு அழைத்து வந்த கைக்கு, மருந்துக்குக்கூடப் பிறர் உதவியை நாட வேண்டிய நிலை வாய்த்தது.

மறைந்து மூன்றாண்டுகளில் நண்பர் ரகுநாதன் அவர் வரலாற்றை எழுதினார். 2002இல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. வாழ்நாளில் ஊதியம் தராத எழுத்து இன்று எவரும் தடையின்றி அச்சிடும் பொதுச்சொத்து. எனினும் 'காஞ்சனை'யை இரவில் தனித்துப் படித்து முடிக்கும் வாசகர் ஒவ்வொருவரும், விளக்கை அணைக்குமுன் கதவு தாழிட்டிருக்கிறதா என ஒருமுறை பார்க்கவே செய்வர். அவ்வெழுத்தாளர்க்கு உரிய கூலி அதுவே.