ஜீன் போல் சார்த்தர் (1905 – 1980): வாழ்வும் விட்டுச்சென்ற சிந்தனையும்



1928ஆம் ஆண்டில் பிரான்சில் தத்துவ ஆசிரியர்களைத் தெரிவு செய்யும் போட்டிப் பரீட்சைக்குத் தோற்றிய ஒரு மாணவர் சித்தியடையவில்லை. மறுஆண்டு மீண்டும் தோற்றி முதலிடம் பெற்றார். அவரே இருப்பியல்வாதத்தை உலகெங்கும் அறியச்செய்த ஜீன் போல் சார்த்தர். அவ்வாண்டு இரண்டாமிடம் பெற்ற சிமோன் டி பொவார் அவரது வாழ்நாள் துணையானார். சார்த்தரைப் பற்றிய வினாக்களுக்குப் பலர் அவரது நூற்பெயர்களை மட்டும் நிரைப்படுத்திவிடுகின்றனர். அவரது கொள்கையையும் வாழ்வையும் இணைத்து விளங்கிக்கொண்டால் விடை தானாகவே அமையும்.

01. இளமையும் கல்வியும்

சார்த்தர் 1905 யூன் 21ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். கடற்படை அதிகாரியான தந்தை அடுத்த ஆண்டிலேயே காலமானார். பாட்டனாரின் வீட்டு நூல்களுக்கிடையே வளர்ந்த அவர், சிறுவயதிலேயே வலக்கண்ணின் பார்வையைப் பெரிதும் இழந்தார். பரீட்சையில் வென்ற பின்னர் லு ஹாவ்ர் என்னும் துறைமுக நகரில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

02. தோற்றப்பாட்டியலிலிருந்து இருப்பியல்வாதத்திற்கு

1933இல் அவர் பேர்லினுக்குச் சென்று ஓராண்டு காலம் எட்மண்ட் ஹுசேர்லின் தோற்றப்பாட்டியலைக் கற்றார். பொருள்கள் நம் அனுபவத்தில் எவ்வாறு தோன்றுகின்றனவோ அவ்வாறே அவற்றை ஆராய்வது இம்முறையாகும். நனவு தனித்து நிற்பதில்லை. எப்போதும் ஏதேனுமொன்றை நோக்கியே நிற்கும் என்பது ஹுசேர்லின் முக்கிய கருத்து. சார்த்தர் இதிலிருந்து ஒருபடி மேலே சென்றார். நனவுக்கென்று நிலையான உள்ளடக்கம் எதுவுமில்லை, ஆகவே மனிதன் சுதந்திரமானவன் என்றார். ஹைடெக்கரின் சிந்தனையும் அவருக்கு உதவியது. இவற்றின் விளைவே 1943இல் வெளிவந்த 'இருத்தலும் இன்மையும்' என்னும் பெருநூல்.

அவர் கூறிய எளிய உதாரணம் ஒன்றைக் கவனியுங்கள். காகிதம் வெட்டும் கத்தியைச் செய்பவன், அது எதற்குப் பயன்படும் என்பதை அறிந்த பின்னரே அதனைச் செய்கின்றான். கத்தியின் சாரம் முதலில், இருப்பு பின்னர். மனிதனோ முதலில் இருக்கின்றான். பின்னரே தன் செயல்களால் தன்னை உருவாக்குகின்றான். தான் வேறுவிதமாக நடந்திருக்கவே முடியாது என்று சூழ்நிலையின் மீது பழிபோடுபவன் தன்னைத்தானே ஏமாற்றுகின்றான். இதனைத் தன்னேமாற்று எனலாம்.

03. ஒரு மாணவனின் சிக்கல்

1939இல் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட சார்த்தர் 1940இல் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டு, 1941இல் விடுதலையானார். பிரான்ஸ் அப்போது ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அக்காலத்தில் நடந்த ஒன்றை 1945 ஒக்டோபரில் பாரிஸில் ஆற்றிய புகழ்பெற்ற விரிவுரையில் அவர் எடுத்துக்கூறினார்.

மாணவன் ஒருவன் ஆலோசனை கேட்டு அவரிடம் வந்தான். அவனது தமையன் 1940இல் ஜேர்மனியரின் தாக்குதலில் கொல்லப்பட்டிருந்தான். தந்தை எதிரியின் பக்கம் சாய்ந்திருந்தார். தாய்க்கு அவன் ஒருவனே ஆறுதல். இங்கிலாந்து சென்று விடுதலைப் படையில் சேர்வதா, தாயுடன் இருப்பதா? போனால் தாய் உடைந்துபோவாள். வழியிலேயே அவன் முயற்சி வீணாகவும் கூடும். இருந்தால் தமையனுக்கும் நாட்டுக்கும் செய்யவேண்டியதைச் செய்யாதவனாவான்.

பிறரை நேசி என்று சமயம் கூறும், ஆனால் எவரை? பிறரை வெறும் கருவியாக்காதே என்று கான்ட் கூறுவார். எவ்வழியில் சென்றாலும் யாரோ ஒருவர் கருவியாகின்றார். மனம் சொல்வதைக் கேட்கலாமென்றால், தாய் மீதுள்ள அன்பின் அளவு அவளுடன் தங்கிய பின்னரே தெரியவரும். ஆகவே சார்த்தர் முடிவு எதனையும் சொல்லவில்லை. நீ சுதந்திரமானவன், நீயே தெரிவு செய் என்பதே அவரது பதிலின் சாரம்.

இது பதிலா, நழுவலா? விமர்சகர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ஆலோசகரைத் தெரிவு செய்வதும் ஒரு தெரிவே என்பது சார்த்தரின் வாதம். யாரிடம் போகின்றோமோ, அவர் என்ன சொல்வார் என்பது நமக்கு ஓரளவு முன்பே தெரியும்.

04. கொள்கையும் செயலும்

1945இல் சார்த்தர் தொடங்கிய சஞ்சிகை 2019 வரை வெளிவந்தது. அல்ஜீரிய விடுதலைப் போரில் தன் நாட்டு அரசையே எதிர்த்து, 1960இல் 121 அறிவுஜீவிகளின் அறிக்கையில் ஒப்பமிட்டார். அவரது வீட்டின் மீது இருமுறை குண்டுத் தாக்குதல் நடத்தப்பட்டது.

1964இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அதனை மறுத்தார். 1945இலும் அரச விருதொன்றை மறுத்திருந்தார். எழுத்தாளன் ஒரு நிறுவனமாக மாறிவிடக் கூடாது என்பது அவரது கருத்து. அப்பணத்தை இனவொதுக்கலுக்கு எதிரான இயக்கத்துக்கு வழங்கலாமே என்ற எண்ணம் அவரை வருத்தியது. எந்தத் தெரிவும் இழப்பின்றி அமையாது என்ற அவரது கொள்கைக்கு இதுவே சான்று.

05. குறைகள்

சிறந்த விடை குறைகளையும் கூறும். 1954இல் சோவியத் ஒன்றியத்திற்குச் சென்றுவந்த சார்த்தர், அங்கு விமர்சிக்கும் சுதந்திரம் முழுமையாக உண்டென்றார். அது உண்மையல்ல எனப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1956இல் ஹங்கேரி மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்தார். வன்முறை பற்றிய கருத்து வேறுபாட்டால் 1952இல் அல்பேர்ட் காமுவின் நட்பை இழந்தார். சுதந்திரத்தை மிகைப்படுத்திச் சமூக அமைப்பின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டார் என்பதும் அவர்மீது வைக்கப்படும் விமர்சனம். 1960இல் வெளிவந்த நூலில் அவரே வறுமை, வர்க்கம் என்பவற்றுக்குக் கூடிய இடமளித்தார். 1943இல் வாக்களித்த ஒழுக்கவியல் நூலை அவர் முடிக்கவேயில்லை. அதற்கான குறிப்புகள் 1983இல், அவரது மறைவின் பின்னரே வெளிவந்தன.

06. அவர் விட்டுச்சென்றது

1973 முதல் பார்வை மங்கியதால் அவரால் எழுத இயலவில்லை. 1980 ஏப்ரல் 15ஆம் திகதி காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். சிமோன் டி பொவார் 1949இல் எழுதிய 'இரண்டாம் பால்', பெண் பிறப்பதில்லை, ஆக்கப்படுகின்றாள் என வாதிட்டு, இருப்பியல்வாதத்தைப் பெண்ணியத்துடன் இணைத்தது. குடியேற்றவாதத்தை எதிர்த்த பிரான்ஸ் பனோனின் நூலுக்கு சார்த்தர் 1961இல் முன்னுரை எழுதினார்.

மாணவர்களே, சார்த்தர் நமக்கு விட்டுச்சென்றது ஆயத்த விடைகளை அல்ல. நான் என்ன செய்வது, சூழ்நிலை அப்படி என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நம்மை நிறுத்தி வைக்கும் ஒரு வினாவையே அவர் விட்டுச்சென்றார். தவறாகத் தெரிவு செய்தபோதும், அத்தவறு தன்னுடையதே என்று ஏற்கும் துணிவு அவரிடம் இருந்தது.

நினைவிற் கொள்க

• தோற்றப்பாட்டியல் ஒரு முறை; இருப்பியல்வாதம் ஒரு கொள்கை. இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதாதீர்கள்.
• சுதந்திரம் என்பது விரும்பியதெல்லாம் செய்வதல்ல. செய்ததற்குப் பொறுப்பேற்பதும் அதனுள் அடங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. மனிதனில் இருப்பு சாரத்திற்கு முந்தியது என்பதைத் தகுந்த உதாரணத்துடன் விளக்குக.
2. மாணவனுக்கு சார்த்தர் அளித்த பதில் போதுமானதா? ஆதரவாகவும் எதிராகவும் காரணங்கள் தந்து ஆராய்க.
3. நோபல் பரிசை மறுத்தமை சார்த்தரின் கொள்கையுடன் எவ்வாறு பொருந்துகின்றது?