இடம் மாறலாம், அளவு மாறக்கூடாது: வில்லியம் லாம்ப்டன்



உங்கள் வீட்டில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், வரைபடத்தாளில் முக்கோணத்தை நகர்த்தும் 'இடப்பெயர்வு' கணக்கைப் பார்த்திருப்பீர்கள். (1,1), (4,1), (1,3) என்ற முக்கோணத்தை 5 கட்டம் வலப்பக்கமும் 2 கட்டம் மேலேயும் நகர்த்தினால் (6,3), (9,3), (6,5) வரும். முதல் எண்ணோடு 5, இரண்டாவதோடு 2 கூட்டினால் போதும். பக்கம், கோணம், பார்த்த திசை எதுவும் மாறாது. வங்கியில் பழைய லெட்ஜர் இருப்பைப் புது லெட்ஜருக்கு எடுத்துப்போவது மாதிரிதான். பக்கம் மாறும், தொகை மாறாது.

இதனால் என்ன பயன் என்று பிள்ளை கேட்டால் லாம்ப்டனின் கதையைச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்கப் போரில் 1781-ல் கைதியானார். பிறகு ராணுவ அதிகாரியாக இந்தியா வந்தார். 1799 மைசூர்ப் போரில் ஓர் இரவு, படை தவறிப்போய் எதிரி முகாம் பக்கம் நடப்பதை நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்தார். போர் முடிந்ததும் தென்னிந்தியாவை முழுவதும் அளக்க அனுமதி கேட்டார்.

1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலியை ஒரே நேர்கோட்டில் சுமார் 400 முறை நகர்த்தி ஏழரை மைல் அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி வைத்து அதையும் கணக்கில் சேர்த்தார்கள். இந்த ஒரு கோட்டை வைத்துத்தான் மற்ற முக்கோணங்கள் எல்லாம். ஆரம்ப இருப்பில் பிழை இருந்தால் கடைசிவரை கணக்கு இடிக்கும் அல்லவா?

அந்த முக்கோணங்கள் நம் மலைக்குக் கீழே உள்ள கோவைச் சமவெளி வழியாகக் கன்னியாகுமரி வரை போயின. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையிலான அகலம் பழைய வரைபடங்களில் இருந்ததைவிட சுமார் 40 மைல் குறைவு என்று தெரிந்தது.

1808-ல் தஞ்சாவூரில் பெரிய சோதனை. கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்தது. ஐம்பது வயது தாண்டிய லாம்ப்டன் கூடாரத்துக்குள் ஆறு வாரம் இருந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வட்டத்துக்கே கொண்டுவந்தார். பிறகு அதே கருவியோடு வடக்கே நகர்ந்தார்.

1823 ஜனவரி 20-ல், வேலை முடியும் முன்பே, மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். பணியை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1865-ல் உலகின் உயரமான சிகரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். முதல் கோட்டை அளந்தவரைப் பலருக்குத் தெரியாது.

அடுத்த முறை தொட்டபெட்டா போகும்போது, கீழே தெரியும் சமவெளியைக் காட்டிப் பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் சொல்லுங்கள்.