ஊமைப் படக் காலத்து ஹோமி மாஸ்டர்

என்.டி. ராமராவ் அவர்கள் நிறுவிய ராமகிருஷ்ணா ஸ்டூடியோ அமைந்த நாச்சாரத்தில் வாழும் நமக்குச் சினிமா புதிய பொருளன்று. ஆயினும், பேசாப் படக் காலத்தில் மெய்யான கொலை வழக்குகளைத் திரைக்குக் கொணர்ந்த ஹோமி மாஸ்டரை நம்மில் சிலரே அறிந்திருக்கக்கூடும்.

சூரத்தில் பிறந்த இவர் பார்ஸி நாடக மேடையில் பயின்று, துவாரகாதாஸ் சம்பத்தின் கோஹினூர் கம்பெனியில் சேர்ந்தார். காஞ்சிபாய் ராதோட் இயக்கிய 'காலா நாக்' என்னும் 1924-ஆம் ஆண்டுப் படத்தில் கொடியவனாக நடித்தார். பம்பாயில் நிகழ்ந்த கொலை வழக்கொன்றைத் தழுவிய கதை அது. எங்கும் புராணப் படங்களே கோலோச்சிய நாளில், பத்திரிகையில் படித்த செய்தியைக் கொட்டகையில் காண்பது ஜனங்களுக்குப் புது அனுபவமாய் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு அவரே இயக்கிய 'குலீன் காந்தா'வைத்தான் நாம் அவருடைய துணிச்சலுக்குச் சான்றாகக் கொள்கிறோம். 1925 ஜனவரி 12 அன்று மாலை, மலபார் ஹில்லில் ஒரு மோட்டாரை மறித்த கும்பல், அப்துல் காதர் பாவ்லா என்ற வணிகரைச் சுட்டுக் கொன்றது. உடனிருந்த மும்தாஜ் பேகம், இந்தூர் அரண்மனையை விட்டு நீங்கி வந்த நடன மாது. அவரைத் தூக்கிச் செல்வதே வந்தவர்களின் நோக்கம். கோல்ஃப் ஆடித் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் குறுக்கிட்டதால், முகத்தில் வெட்டுக் காயங்களுடன் அம்மாது உயிர் தப்பினார். இவ்வழக்கின் விளைவாக மகாராஜா துகோஜி ராவ் ஹோல்கர் 1926-இல் முடி துறந்தார். அதற்கு முன்பே படம் வெளிவந்துவிட்டது!

சமஸ்தானாதிபதிகளைச் சீண்டுவது அன்று விளையாட்டன்று. 'ரஸியா பேகம்' படத்தைத் திரையிட்டதற்காகத் தீரேன் கங்கூலி 1924-இல் நம் ஹைதராபாத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. பம்பாய் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது ஹோமி மாஸ்டருக்கு அனுகூலம். பிறர் துயரத்தைக் காசாக்கினார் என்று அவரைக் குறை கூறலாம். அரண்மனைச் சுவர்களுக்குள் ஒரு பெண் பட்ட பாட்டை, எழுத்தறியாத பாமரனும் அறியச் செய்தார் என்பதே நம் கருத்து.

1926-இல் அவர் எடுத்த 'டெலிபோன் நீ தருணி'யில், முன்பு டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்த சுலோசனா நாயகி. நம் புதுக்கோட்டை ராஜா சாண்டோவும் அதில் நடித்தார். தமிழர் இதற்காகவேனும் ஹோமி மாஸ்டரை நினைக்கலாம்.

பேசும் படம் வந்த பின்னும் 'குல் சனோபர்' போன்ற படங்களை இயக்கிய அவர், 1949-இல் காலமானார். அக்காலத்து ஊமைப் படச் சுருள்களில் பெரும்பாலானவை நம் கைக்கு எட்டவில்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் அவை. எரிந்தவை போக, பலவற்றை அவற்றிலிருந்த வெள்ளிக்காகவே உருக்கிவிட்டார்கள்.