தளபதி பிட் ரிவர்ஸ்

இங்கிலாந்து நாட்டின் தென்பால், கடலுக்கு அணித்தாக, சிஸ்பரி என்னும் சுண்ணக்கல் குன்று ஒன்றுண்டு. அதன் உச்சியில் ஏறத்தாழ 60 ஏக்கர் நிலத்தை வளைத்து உயர்ந்த மண்ணரணும், அதனை அடுத்து ஆழ்ந்த அகழியும் அமைந்துள்ளன. அரணின் உட்புறத்தே ஒரு பகுதியில் குழிகள் பல காணப்படுகின்றன. அரணைக் கட்டியவர் யாவர்? குழிகளைத் தோண்டியவர் யாவர்? இருதிறத்தாரும் ஒரே காலத்தவரோ? எழுத்துச் சான்று ஒன்றும் இல்லாத காலத்தைப் பற்றிய இவ்வினாவிற்கு மண்ணிடமே விடை பெற்றவர் பிட் ரிவர்ஸ் என்னும் படைத்தலைவர்.

அவர் 1827ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் அவர் பெயர் அகஸ்டஸ் ஹென்றி லேன் பாக்ஸ் என்பது. படையிற் சேர்ந்த அவர், 1854இல் கிரிமியப் போரில் ஆல்மா என்னுமிடத்தே போர் புரிந்தார். வீரர்க்குத் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கும் பணியும் அவருக்கு வாய்த்தது. துப்பாக்கி ஒரே நாளில் உருவானதன்று, சிறுசிறு மாற்றங்களால் படிப்படியே திருந்தியது என்பதை அவர் கண்டார். மக்கள் செய்த பொருள்கள் யாவும் இவ்வாறே வளர்ந்திருத்தல் கூடும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. பல நாட்டுக் கருவிகளையும் தேடித் தொகுத்தார். 20,000க்கு மேற்பட்ட பொருள்கள் அடங்கிய அத்தொகுதி 1884இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

சிஸ்பரிக் குன்றை அவர் 1867இல் ஆராயத் தொடங்கினார். குழிகள், கற்கருவி செய்தற்குரிய சக்கிமுக்கிக் கல்லை எடுக்கத் தோண்டப்பட்டவை எனத் தெளிந்தார். ஆயினும், அரண் முந்தியதோ குழி முந்தியதோ என்னும் ஐயம் நின்றது. 1875இல் மீண்டும் சென்று, அரணையும் அகழியையும் வெட்டிப் பார்த்தார். அங்கேயும் பழைய சுரங்கக் குழிகள் வெளிப்பட்டன! அவை தூர்ந்துபோன பின்னரே அவற்றை ஊடறுத்து அகழி வெட்டப்பட்டிருந்தது. அவற்றின்மேல் அரண் எழுந்திருந்தது. மேலே கிடப்பது பிந்தியது, கீழே கிடப்பது முந்தியது அன்றோ? ஐயம் அகன்றது. சுரங்கங்கள் ஏறத்தாழ 6,000 ஆண்டுகட்கு முற்பட்டவை என்றும், அரண் அவற்றிற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டது என்றும் இக்கால ஆய்வாளர் கூறுவர்.

1880இல் உறவினர் வழியாகக் கிரான்போர்ன் சேஸ் என்னும் பகுதியில் பெருநிலம் அவருக்கு உரிமையாயிற்று. பிட் ரிவர்ஸ் என்னும் பெயரும் அவ்வுரிமையோடு வந்ததே. செல்வம் வந்ததும் இன்பம் துய்த்து வாளா இருந்தாரல்லர். தம் நிலத்திலிருந்த பழைய மேடுகளையும் அரண்களையும் ஆண்டுதோறும் அகழ்ந்தார். அக்காலத்தே தோண்டியவருட் பலர் பொன்னும் அழகிய கலங்களுமே நாடினர். பானை ஓட்டை வீசியெறிந்தனர். அவரோ ஓட்டையும் எலும்பையும் போற்றினார். அரிய பொருள் எங்கோ ஒன்று கிடைக்கும். எளிய பொருளே அன்றாட வாழ்வைக் காட்டும் என்பது அவர் கருத்து. ஒருமுறை தோண்டிய மண் மீண்டும் பழைய நிலை அடையாது. ஆதலின், ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படம் வரைந்து, மரத்தால் மாதிரிகளும் செய்வித்தார். 1887 முதல் 1898 வரை நான்கு பெருநூல்களாக அவற்றை வெளியிட்டார். பின்வருவோர் அறியும்பொருட்டு, அகழ்ந்த குழியின் அடியில் தம் பெயர் பொறித்த சிறு பதக்கத்தை இட்டு மூடுவதும் அவர் வழக்கம். பழகுதற்குக் கடுமையானவர், பணியிலும் அக்கடுமை குறைந்ததில்லை.

பழஞ்சின்னங்களைக் காக்க 1882இல் சட்டம் தோன்றியபோது, அவரே முதற் கண்காணிப்பாளர் ஆனார். நில உடையவர் இசைந்தாலன்றி எதனையும் காக்க அச்சட்டம் இடந்தரவில்லை. அவரோ ஊர்தோறும் சென்று வேண்டினார்.

1900இல் அவர் மறைந்தார். அவருடைய முறையைப் போற்றி மேலும் வளர்த்த மார்ட்டிமர் வீலர், 1934 முதல் 1937 வரை மெய்டன் காசில் என்னும் மற்றொரு குன்றரணை அகழ்ந்தார். அவரே பின்னர் இந்தியாவிற்கு வந்து, 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், மண்ணடுக்குகளைப் படித்தறியும் அம்முறையை நம் நாட்டு மாணவர்க்குப் பயிற்றினார்.