வைரத்தோடு கேட்காத அன்னா மணி

தஞ்சோங் டாவாயில் காற்று, மழை எப்படி என்று விசாரிக்காமல் கடலுக்குப் போகும் மீனவர் உண்டா? அந்தக் காற்றையும் மழையையும் அளக்கும் கருவிகளோடு வாழ்ந்தவர் அன்னா மணி.

1918இல் பீர்மேட்டில் பிறந்தார். நம்மைப்போலத் தோட்டத்துப் பிள்ளைதான். ஆனால் ஏலக்காய்த் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை! எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத்தோடு கொடுத்தார்கள். அது வேண்டாமென்று கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வேடிக்கையைப் பாருங்க, அங்கே ஆராயக் கிடைத்ததும் வைரமேதான்! ஒரு படம் பிடிக்க 15, 20 மணி நேரம் ஆகும், ஆய்வுக்கூடத்திலேயே தூக்கம். ஐந்து கட்டுரைகள் வெளிவந்தும், எம்.எஸ்ஸி. இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. இது நியாயமா, சொல்லுங்கள்?

1945இல் உதவித்தொகை பெற்று லண்டன் போனார். படிக்க நினைத்தது இயற்பியல். கிடைத்ததோ வானிலைக் கருவிப் பயிற்சி. சரி என்று அதையே பிடித்துக்கொண்டார். 1948இல் திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய 100 கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வரைபடம் தயாரிக்க வைத்தார். தப்பாக அளப்பதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்பது அவர் கட்சி.

1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் கிடைக்காத அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளின் பக்கத்திலேயே வைக்கப்பட்டது.