சங்கிலியால் நாட்டை அளந்தவர்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு, ஊர் வருமுன்பே ராஜகிரி மலை கண்ணில் படும். மலை தெரிகிறது. ஆனால், அது எத்தனை மைல் தூரம்? நடந்துபோய் அளக்காமலே இதைச் சொல்ல முடியுமா?

முடியும்! அந்த வழியில் இந்த நாட்டையே அளக்கத் தொடங்கியவர், வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் லாம்ப்டன். கணக்கில் கெட்டிக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே சண்டையில் பிடிபட்டுக் கைதியானார். சூரிய கிரகணத்தைப் பார்த்ததில் அவருடைய ஒரு கண்ணின் பார்வை கெட்டது. பிறகு இந்தியாவுக்கு வந்தார். 1799இல் நடந்த சீரங்கப்பட்டணப் போரில், திப்பு சுல்தானை எதிர்த்த படையில் அவரும் இருந்தார்.

57 நாள் வேலை

போர் முடிந்ததும், கிழக்குக் கடற்கரை முதல் மேற்குக் கடற்கரை வரை நிலத்தை அளக்க அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது.

கோணம் பார்க்க, தியோடலைட் என்ற பெரிய கருவி வேண்டும். அதன் எடை அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, மொரீசியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது அறிவு வளர்ச்சிக்கான கருவி என்று தெரிந்ததும், மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி, சென்னை பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலியால், சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டை அளந்தார். அதற்கு 57 நாள் ஆயிற்று!

ஏன் இவ்வளவு நாள்? வெயில் பட்டால் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, சூட்டை அளந்து அளந்து கணக்கிட்டார். முதல் கோட்டில் பிழை வந்தால், அதன்மேல் எழும் கணக்கு எல்லாம் பிழையாகிவிடும்.

பிறகு சங்கிலி அதிகம் தேவைப்படவில்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணம் அளந்தார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்கால் கண்டுபிடிக்கலாம். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்துக்கொண்டே போனார்.

அறுந்த கயிறு

1808இல் தஞ்சையில் ஒரு சோதனை. பெரிய கோயில் கோபுரத்துக்குக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. லாம்ப்டன் மனம் தளரவில்லை. கூடாரத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து, தம் கையாலேயே அதைச் சீர்செய்தார்.

1823 ஜனவரி 20ஆம் தேதி, மராட்டிய நாட்டு ஹிங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே இறந்தார். அந்த வேலையை ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். முக்கோணங்கள் இமயமலை அடிவாரத்தை எட்டின. எவரெஸ்ட் பெயரைத்தான் உலகின் மிக உயர்ந்த சிகரம் தாங்கி நிற்கிறது.

இன்றைய பயன்

இமயமலையில் பனி ஆறு போல மெல்ல நகர்கிறது. அதுதான் பனியாறு. அது உருகித்தான் வடநாட்டு ஆறுகளுக்குக் கோடையிலும் தண்ணீர் வருகிறது. அந்தப் பனி குறைகிறதா?

சீனாப், பார்வதி, பஸ்பா ஆறுகளின் பகுதியில் உள்ள 466 பனியாறுகளை இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். நில அளவைத் துறையின் 1962ஆம் ஆண்டுப் படங்களையும், செயற்கைக்கோள் எடுத்த பிற்காலப் படங்களையும் ஒப்பிட்டார்கள். 2,077 சதுர கிலோமீட்டராக இருந்த பனிப்பரப்பு, 1,628 ஆகச் சுருங்கியிருந்தது. 2007இல் இந்த முடிவு வெளியாயிற்று. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது!

முன்பு இருந்த அளவு சரியாகத் தெரிந்தால்தான், பின்பு குறைந்த அளவு தெரியும். அந்தச் சரியான அளவுக்குப் பரங்கிமலை வெயிலில் அடிக்கல் நாட்டியவர் லாம்ப்டன்.